கம்மல் நல்லா இருக்குக்கா

சில பேருக்குப் பதவி வந்தால் தலைகால் புரியாது. எனக்கு ஒரு போன் வந்ததற்கே புரியாமல் போய்விட்டது. இதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் எதுவும் இல்லை. இருந்த வெட்கமெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோவில் வாசலில் ஒரே நாளில் செலவாகிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, ஒரகடத்தில் கார்களுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தர சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, அளந்து, 'ஓகே' அல்லது 'ரிஜெக்ட்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. கண்ணால் பார்க்காமல் எதற்கும் ஓகே போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

தங்கியிருந்தது வடக்குப்பட்டில், ஏழுமலை அண்ணன் வீட்டு மாடியறையில். அவர் அந்த ஊர்க்காரர். காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஷிப்டுக்கு எங்கள் கம்பெனிக்கே வந்து போர்க்லிப்ட் ஓட்டுவார். எனக்கு வீட்டுக்காரர், சக ஊழியர், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குப் பொறுப்பாளர், எல்லாம் அவர்தான்.

அந்தக் காலத்தில்தான் நான் அந்தப் போனை வாங்கினேன். ஆறு மாத ஓ.டி. பணம் அப்படியே அதற்குள் போனது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, யாரோ பயன்படுத்தி, யார் மூலமாகவோ என்னிடம் வந்து சேர்ந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. பொத்தான் ஒன்றே ஒன்று. தொட்டால் நகரும், இரண்டு விரலால் இழுத்தால் படம் பெரிதாகும். எங்கள் கம்பெனி பஸ்ஸில் அப்படி ஒரு போன் யாரிடமும் இல்லை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தேவையே இல்லாமல் ஒரு படத்தைப் பெரிதாக்குவேன், சின்னதாக்குவேன். (யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் இருமுவேன்.)

"இன்னாபா இது, கண்ணாடித் துண்டு மாரி கீது?" என்று கேட்டார் ஏழுமலை அண்ணன்.

"இது போன் இல்லண்ணே, கையில வச்சிருக்கிற கம்ப்யூட்டர். இதுல எல்லாமே வரும்" என்றேன்.

அதையே ஊரில் இருந்த என் அக்காவிடமும் போனில் சொன்னேன். அக்கா முத்துலட்சுமி எனக்கு எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால் சொசைட்டியில் கூடச் சொல்லியிருக்கிறாள். "எந் தம்பி போன்ல வராததே கிடையாது."

வராதது ஒன்று இருந்தது. அது எனக்கே அப்போது தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரலில் ஒரே குதூகலம்.

"ஏல மணி, உனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கோம். கடையத்துக்காரவுக. பேரு கற்பகம். அவளும் உங்க பக்கந்தாம்ல, ஸ்ரீபெரும்புதூர்ல போன் செய்யுத கம்பெனில வேலை பாக்கா. ஹாஸ்டல்ல இருக்கா. தரகர் அவ போட்டோவ என் போன்ல ஏத்திக் குடுத்துட்டுப் போயிருக்காரு. இந்தா இப்ப அனுப்புதேன், பாத்துட்டுச் சொல்லு."

அக்காவின் போன் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். பெயரே தெரியாத கம்பெனி. இரண்டு சிம், ஒரு டார்ச், கோவில் கொடைக்கு வைக்கும் அளவுக்கு ஸ்பீக்கர். அத்தான் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. அந்தப் போனிலிருந்து படம் போகும். வரும். அதற்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

இரண்டு நிமிடத்தில் என் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ஆவலோடு திறந்தேன். படம் இல்லை. ஆங்கிலத்தில் நாலு வரி. உங்களுக்கு ஒரு படச் செய்தி வந்திருக்கிறது, பார்க்க வேண்டுமானால் இந்த இணைய முகவரிக்குப் போய் இந்த ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று சொன்னது. முகவரி ஒரு முழம் இருந்தது.

போனை அணைத்துப் போட்டேன். குண்டூசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டேன். மொட்டை மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டி மேல் நின்று தூக்கிப் பிடித்தேன். அதே நாலு வரி. கடைசியில் கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஒரு பெண் மிகவும் பணிவாகப் பேசினாள்.

"சார், உங்க ஹேண்ட்செட்ல பிக்சர் மெசேஜ் வசதி இல்லை சார்."

"மேடம், என் ஹேண்ட்செட் என்னன்னு தெரியாமப் பேசாதீங்க."

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன்."

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அந்த ஒரு முழ முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பக்கம் திறந்தது. ரகசிய எண்ணும் போட்டேன். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து, அதன் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் தெரிந்தது. கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "அது தொறக்காதுப்பா. நெறைய பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றார்.

ஆக, என் வருங்கால மனைவியாக வரக்கூடிய பெண் எனக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறியாகத்தான் முதலில் அறிமுகமானாள்.

அப்போதே அக்காவிடம், "என் போன்ல படம் வராதுக்கா, தபால்ல அனுப்பு" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பால் சொசைட்டி கண் முன்னால் வந்தது. அக்கா கூப்பிட்டாள்.

"பாத்தியால?"

"பாத்துட்டேன்க்கா."

"எப்படி இருக்கா?"

"நல்லா... லட்சணமா இருக்குக்கா."

"சும்மா மொட்டையாச் சொல்லாத. என்ன பிடிச்சிருக்கு உனக்கு?"

நான் யோசித்தேன். பெண்களுக்கு எப்படியும் கண் இருக்கும், காது இருக்கும். "அந்தக் கண்ணு ரெண்டும் நல்லாப் பெருசா, அமைதியா இருக்குக்கா. அப்புறம் அந்தக் கம்மல் நல்லா இருக்குக்கா. முகத்துக்கு எடுப்பா இருக்கு."

அந்தப் பக்கம் அக்கா பூரித்துப் போனாள். "எந் தம்பி கம்மலைக்கூட விடாமப் பாத்திருக்கானே" என்று அத்தானிடம் சொல்வது எனக்குக் கேட்டது. போனை வைத்ததும் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது. அவ்வளவு சரளமாக நான் அதற்கு முன் எதையும் பேசியதில்லை.

பெண் வீட்டாரும் நாகரிகமானவர்கள். பொண்ணும் பையனும் ஒரே பக்கம்தானே இருக்கிறார்கள், முதலில் அவர்களே ஒரு தடவை பார்த்துப் பேசிக்கொள்ளட்டும், பிடித்திருந்தால் நாங்கள் பெரியவர்கள் உட்காருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். படம் வந்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் கோவில் வாசல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. என் படம் ஒன்றைத் தரகர் அவளிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தார். அவள் என்னைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவள் பக்கத்தில் வந்து நிற்கும்போது நான் 'யாரு நீங்க?' என்பதுபோல் விழித்தால்? கம்மல் வரைக்கும் ரசித்தவன் ஆயிற்றே.

அக்காவிடம் நைசாகக் கேட்டேன். "யக்கா, அன்னைக்கு என்ன கலர்ல வருவாங்களாம்?"

"ரோஸ் கலரு சுடிதாராம். ஏன், மூஞ்சி தெரியாதோ உனக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். (எனக்கு மட்டும் வியர்த்தது.)

பெரியவர் ஒருவர் கூட வந்தால் மரியாதையாக இருக்கும் என்று ஏழுமலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசிப் பக்காவாக வந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டை. பையில் வெளியே தெரிகிற மாதிரி அந்தப் போன்.

கோவில் வாசலுக்குப் போய்ப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் லீவு. ரோஸ் கலர் சுடிதார் மட்டும் மூன்று இருந்தது. ஒன்று குழந்தையோடு இருந்தது, அதைக் கழித்தேன். இன்னொன்று தூணுக்குப் பக்கத்தில் தோழியோடு நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. மூன்றாவது பூக்கடை அருகே தனியாக நின்றுகொண்டு யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காதில் பெரிய கம்மல் இருந்தது.

நான் என்ன செய்வேன்? கம்மலை நம்பினேன்.

நேராகப் போனேன். "வணக்கம். நான்தான் சுடலைமணி" என்றேன்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துத் தைரியமூட்டினேன். "உங்க போட்டோ என் போன்ல வந்துச்சு. பார்த்தேன். ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அர்ச்சனைத் தட்டு வாங்கப் போயிருந்த அவள் அண்ணன் திரும்பினான். அவன் திரும்புவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு அகலம்.

"இன்னாம்மா, இன்னா மேட்ரு?"

"அண்ணா, என் போட்டோ இந்தாளு போன்ல கீதாம்ணா."

இப்போது நினைத்தாலும் அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து உன் படம் என்னிடம் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் பதறாது? ஆனால் அந்த நேரத்தில் அவள் பதற்றத்தை விட என் சட்டைக் காலர்தான் எனக்கு முக்கியமாக இருந்தது. அது அவன் கையில் இருந்தது.

"எந்த போட்டோடா? எவன்டா குட்த்தான்? எட்றா போனை!"

கூட்டம் கூடிவிட்டது. ஏழுமலை அண்ணன் நடுவில் புகுந்து, "வுடுப்பா, வுடுப்பா. நல்ல புள்ளதான் இவன். இந்த போன் வந்தாங்காட்டியும்தான் இப்டி ஆய்ட்டான்" என்றார். அவர் எனக்கு ஆதரவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போனைக் கொடுத்தேன். அண்ணன்காரன் படங்களைத் திறந்தான். ஒவ்வொன்றாகத் தள்ளினான். சுற்றியிருந்த பத்துப் பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

முதல் படம், கண்ணாடி முன்னால் நான். அடுத்தது, கண்ணாடி முன்னால் நான், கூலிங் கிளாஸோடு. அடுத்தது, பக்கவாட்டில் நான். அடுத்தது, கம்பெனி பஸ் படியில் நான், தூரத்தைப் பார்த்தபடி. நாற்பது படம் இருக்கும். எல்லாம் நான். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஏழுமலை அண்ணனின் கை இருந்தது, அதுவும் தவறுதலாக.

"இன்னாடா இது, இவன் இவனையே எட்துகினு கீறான்!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. ஆனால் அண்ணன்காரன் சிரிக்கவில்லை. "மெசேஜ்ல வெச்சிருப்பான். தொற அத்த" என்றான். அடி உறுதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. அந்தப் போன்ல மெசேஜ்ல படம் வராதுண்ணே."

கண்ணைத் திறந்தேன். தூணுக்குப் பக்கத்தில் நின்ற ரோஸ் கலர் சுடிதார்.

"நான் போன் கம்பெனிலதான் வேலை பாக்கேன். டெஸ்டிங் லைன். ஒவ்வொரு போன்லயும் படம் போகுதா, வருதான்னு பாத்து அனுப்புததுதான் என் வேலை. இந்தப் போன்ல அந்த வசதியே வைக்கல. இவ்வளவு பெரிய போன்ல இதுகூட இல்லியேன்னு எங்க லைன்ல எல்லாரும் பேசிச் சிரிப்போம். வேணும்னா நீங்களே உங்க போன்லேர்ந்து ஒரு படம் அனுப்பிப் பாருங்க."

அண்ணன்காரன் சந்தேகத்தோடு தன் போனில் பெருமாள் கோவில் கோபுரத்தைப் படம் எடுத்தான். என் நம்பரைக் கேட்டு அனுப்பினான். பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 'டிங்.' அதே நாலு வரி. அதே ஒரு முழ முகவரி.

"மெய்தாம்பா, ஒண்ணுமே வர்ல!" என்றான் அவன். காலரை விட்டான். பிறகு என் மேல் இரக்கம் வந்து காலரை அவனே நீவியும் விட்டான். "இத்த எதுக்கு வாங்கின தம்பி?"

என் வாழ்க்கையில் ஒரு பொருளில் ஒரு வசதி இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். மூன்று வாரமாக எந்தக் குறையை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ, அதுதான் என் பல்லைக் காப்பாற்றியது. அந்தப் பெண்ணிடமும் அவள் அண்ணனிடமும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆள் மாறிவிட்டது, பெண் பார்க்க வந்தேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் திரும்பியது. போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூட்டம் கலைந்தது. நான், ஏழுமலை அண்ணன், தூணுக்குப் பக்கத்துப் பெண், அவள் தோழி, நாலு பேர் மிச்சம்.

"நான் கற்பகம்" என்றாள் அவள்.

"தெரியும்" என்றேன். (அந்த நிலைமையிலும்!)

அவள் அமைதியாகக் கேட்டாள். "இந்தப் போன்ல படம் வராது. அப்ப என் போட்டோவை எதுல பாத்தீங்க?"

ஏழுமலை அண்ணன் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பாக்கல" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் எனக்கு என்ன ஆனது என்று விளக்க முடியவில்லை. மூன்று வாரம் தலையில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு வரி, தண்ணீர்த் தொட்டி, சிவப்புப் பெருக்கல் குறி, பால் சொசைட்டி, ஒன்றையும் விடவில்லை. இனி அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, இந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய வேலை முடிந்தது என்று இருந்தது.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்பாடா! உங்க அக்கா எங்க அம்மாட்ட, மாப்பிள்ளை கம்மலைக்கூடக் கவனிச்சுச் சொன்னான்னு சொன்னாங்க. அந்தப் படத்துல நான் கம்மலே போடல. கம்பெனில நகை போடக் கூடாதுன்னு கழட்டி வச்சதோட எடுத்த படம். சரி, வேற யாரு படத்தையோ காட்டிட்டாங்க போல, நேர்ல என்னயப் பாத்ததும் இவருக்கு மூஞ்சி மாறப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டுதான் தூணுக்குப் பின்னால நின்னேன். மூணு நாளா சோறு எறங்கல எனக்கு."

எனக்கு அது நெஞ்சில் குத்தியது. என் பெருமைக்காக நான் விட்ட ஒரு கம்மல், இந்தப் பெண்ணை மூன்று நாள் பட்டினி போட்டிருக்கிறது. "மன்னிச்சிருங்க" என்றேன். அன்றைக்கு அதிகம் பயன்பட்ட சொல்.

"ஆனா உங்க அக்கா என்ன படந்தான் அனுப்புனாங்க?" என்றாள்.

அது எனக்கும் தெரியாது. அப்போதே அக்காவுக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னேன். திட்டு முடிய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு, "இருல, அனுப்பினது எதுன்னு பாக்கேன்" என்றாள். போனில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏங்க, இங்க வாங்க!" என்று அத்தானைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அத்தான் தரையில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம்.

அக்கா வீட்டு மாட்டுக்கு அந்த மாதம்தான் இன்சூரன்ஸ் போட்டிருந்தார்கள். காதில் மஞ்சள் வில்லை ஒன்று அடித்து, அது தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அத்தான் அக்கா போனில்தான் எடுத்திருக்கிறார். அக்கா கண்ணாடி போடாமல் அந்தப் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

பெரிய கண்ணு. அமைதியான முகம். காதில் எடுப்பாக ஒரு கம்மல். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

கற்பகம் கோவில் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஏழுமலை அண்ணன், "மாட்ட பாத்து புட்ச்சிருக்குன்னு சொன்ன மொத மாப்ள நீதாம்பா" என்றார். எனக்கு இனி ஊருக்குப் போக முடியாது, இப்படியே எங்காவது வடக்கே ஓடிவிடலாமா என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் கற்பகம் தன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "சம்மதம்மா. மாட்டையே பிடிச்சிருக்குன்னு சொன்ன மனுஷன், என்னய ஒரு நாளும் குறை சொல்ல மாட்டாரு."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, ஆரத்தி எடுத்த கையோடு அக்கா கற்பகத்தைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இந்தா, இவதான் உனக்கு மூத்தாள். மொதல்ல இவகிட்ட அனுமதி கேட்டுக்கோ" என்றாள். கற்பகமும் சளைக்காமல் ஒரு கை புல் எடுத்துப் போட்டு, "அக்கா, இனிமே நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அன்றிலிருந்து அந்த மாட்டுக்கு எங்கள் குடும்பத்தில் மூத்தாள் என்றுதான் பெயர். அக்கா போன் செய்தால் கற்பகம் என் அத்தானை விசாரிக்க மறந்தாலும், மூத்தாளை விசாரிக்க மறக்க மாட்டாள்.

இது வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுந்து, "எங்க அப்பாவுக்கு ஊர்ல ஒரு மூத்தாள் இருக்கா. எங்க அம்மா லீவுக்குப் போனா அவளைக் குளிப்பாட்டி விடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாளே டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். கற்பகம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு உதவியும் செய்யவில்லை. நானே ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கடைசி வரை கேட்டார். பிறகு வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "எல்லாம் சரி சார், அந்த மாட்டுக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சா?" என்றார்.

இத்தனை வருடத்தில் யாருமே கேட்காத கேள்வி. கற்பகம் அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் வீட்டில் யாருக்கு இந்தக் கதையைச் சொன்னாலும் அந்தக் கேள்வியில்தான் முடிக்கிறார்கள்.